ஆவாரங்குளத்தில் நின்றுபோகும் வண்டி

உதைக்காதீங்க தம்பி. விடுங்க, காலை எடுத்துடுங்க. அது திருப்பி அடிச்சா கணுக்கால் போயிடும், அப்புறம் வண்டிக்குப் பதிலா உங்களைத் தள்ளிக்கிட்டுப் போகணும். ஸ்டாண்டைப் போட்டுட்டு இப்படி நிழலுக்கு வாங்க. பிளக் நல்லாத்தான் இருக்கு. டேங்க்ல பெட்ரோல் இருக்கு. காயில் புதுசு. எல்லாம் இருக்கு, வண்டி மட்டும் நின்னிருக்கு. எதையும் தொடாதீங்க.

நல்ல மனசு உங்களுக்கு. வழியில ஒருத்தன் நிக்கிறான்னு வண்டியை ஓரங்கட்டிக் கேட்டீங்களே, இந்தக் காலத்துல யார் கேக்குறா. ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல. இது இங்க நிக்கிற வண்டிதான். ஆவாரங்குளம் வந்தா நிக்கும். அந்தப் பச்சை கேட்டு இருக்கே, அதுக்கு நேரா நிக்கும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இன்னிக்கு வேப்பமரத்துக்கிட்ட நின்னிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பச்சை கேட்டு யார் வீடுன்னா, என் பொண்ணைக் கொடுத்திருக்கிற வீடு. இப்ப உள்ளே ஓடினது என் சம்சாரம், சௌந்தரம். இல்ல இல்ல, இவங்களைப் பார்க்க வரல. நிலக்கோட்டையில ஒரு காதுகுத்து. முகூர்த்த நாள், பஸ்ஸுல கால் வைக்க இடமில்ல, அதான் வண்டியில கிளம்பினோம். நடுவுல வண்டி நின்னா நான் என்ன பண்ண முடியும்? நீங்களே சொல்லுங்க.

நான் ஏன் வெளியே நிக்கிறேன்னு கேக்குறீங்க. கூப்பிடாம ஒரு வீட்டுக்குள்ள நுழையுற பழக்கம் எனக்கு இல்ல. அதுவும் சம்பந்தி வீடு. பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குக் காரணம் இல்லாம போகக் கூடாது. தீபாவளி, பொங்கல், ஆடி, இப்படி ஏதாவது ஒரு நாள் வரணும், கையில பழத்தட்டு இருக்கணும், வாங்கன்னு அவங்க சொல்லணும். ஆவணியில கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கே சௌந்தரத்துக்கிட்ட சொல்லிட்டேன். 'மங்கையை நினைச்சா போன்ல பேசு. பஸ் ஏறிப் போய் நிக்காதே. வாரம் ஒரு தடவை போய் நின்னா நம்ம மரியாதை என்ன ஆகும்?' அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அவ அம்மாவை நினைச்சிருப்பா. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல என் மாமியார் அப்படித்தான், வாராவாரம் முருங்கைக்காயோட வந்துடுவாங்க. நான் ஒரு வார்த்தை தப்பா பேசினது கிடையாது. வர்றப்ப பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தா அதை மடிக்க மாட்டேன், அவ்வளவுதான். அது ஒரு குத்தமா?

எனக்குத் தொழில் பூஜை சாமான் ஏஜென்சி. ஊதுபத்தி, சூடம், பன்னீர், குங்குமம், சந்தனம். வத்தலக்குண்டுல குடோன். வியாழக்கிழமை ஆனா நிலக்கோட்டைக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கப் போயிடுவேன். இதே ரோடு, இதே வண்டி. வாங்கின நாள்ல இருந்து இந்த வண்டி ஒரு தடவை மக்கர் பண்ணினது கிடையாது. மங்கை அப்ப சின்னப் பொண்ணு, டேங்க் மேல உட்கார்ந்துக்கிட்டு ஹாரனை விடவே மாட்டா. பெரியவ ஆனதும் காலேஜுக்கு இதுலதான் கொண்டு போய் விட்டேன். காலையில கிளம்புறப்ப டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, 'பெட்ரோல் இருக்குப்பா'ன்னு அவ சொல்லணும், அப்பத்தான் நான் உதைப்பேன். ஒரு உதைதான்.

அவ புகுந்த வீட்டுக்குப் போனதும், வண்டிக்கு வந்துச்சு பாருங்க கேடு.

ஆயுத பூஜை முடிஞ்ச மொத வியாழக்கிழமை. நல்லா வந்துக்கிட்டிருக்கு. செங்கல் சூளை தாண்டினதும் ஒரு இழுப்பு. அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் ஒண்ணுமே இல்ல, மூச்சு நின்ன மாதிரி சத்தமில்லாம உருண்டுக்கிட்டே வந்து எங்க நிக்குதுன்னு பார்த்தா, பச்சை கேட்டு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. வெறுங்கையோட, கக்கத்துல ஊதுபத்தி சாம்பிள் பை. உதைக்கிறேன், உதைக்கிறேன், வேர்வை கொட்டுது. வராண்டாவுல சம்பந்தி பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். பேர் திருமேனி. ரைஸ் மில் வச்சிருந்து வித்துட்டவர். அளந்து பேசுவார், சிரிக்க மாட்டார். பேப்பரை மடிக்கல. பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கி, "என்ன சம்பந்தி, நின்னுடுச்சா?"ன்னார்.

"நின்னுடுச்சு."

"உள்ளே வாங்க. வெயில்ல எதுக்கு?"

கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? போனேன். மங்கை ஓடி வந்தா. காபி கொடுத்தா. கொஞ்சம் இளைச்ச மாதிரி இருந்தா. 'நல்லா இருக்கியாம்மா'ன்னேன். 'நல்லா இருக்கேம்ப்பா'ன்னா. அதுக்கு மேல சம்பந்தி வீட்டுல என்ன பேசுறது? கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தா. பழைய பழக்கம், மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "பெட்ரோல் இருக்குப்பா"ன்னா. மூடினா. நான் உதைச்சேன். ஒரே உதை.

அடுத்த வியாழன், செங்கல் சூளை, இழுப்பு, விக்கல், பச்சை கேட்டு.

நான் சும்மா விடல தம்பி. வண்டியை சிக்கந்தர்கிட்ட விட்டேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பட்டறை வச்சிருக்கான், கை வேலை செய்யுதோ இல்லியோ வாய் வேலை செய்யும். பிளக்கை மாத்தினான். பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து, "அண்ணே, இனிமே டெல்லி வரைக்கும் போகும்"னான். வியாழக்கிழமை ஆவாரங்குளத்துல நின்னுடுச்சு. கார்புரேட்டரைக் கழட்டி, பெட்ரோல்ல முக்கி, ஊதி மாட்டினான். மறுபடியும் பஸ் ஸ்டாண்டுல ரவுண்டு, மறுபடியும் டெல்லி. ஆவாரங்குளம் வந்ததும் நின்னுடுச்சு. ஐப்பசி மழை வேற. பெட்ரோல்ல தண்ணி இறங்கியிருக்கும்னு டேங்க்கையே கவுத்துக் கொட்டினான். காயிலை மாத்தினான். கடைசியா என் முகத்தைப் பார்த்துச் சொல்றான்: "அண்ணே, என் பட்டறையில ஓடுது. ஊரைச் சுத்தி ஓடுது. உங்களுக்கு மட்டும் அங்க போய் நிக்குதுன்னா, வண்டிக்கு அங்க சொந்தக்காரங்க யாரோ இருக்காங்க."

"உனக்குத் தெரியலைன்னு சொல்லுடா, எதுக்கு வண்டி மேல பழி போடுறே"ன்னேன்.

திரும்பி வரும்போது நிக்காதான்னு கேக்குறீங்களா? நிக்கும். எங்க ஊருக்கு முன்னாடி சுடுகாட்டுக்கிட்ட நிக்கும். அதை நான் கணக்குல சேர்க்குறதில்ல. அங்க யார் கூப்பிடப் போறா? உருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன்.

எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு, இது மெக்கானிக் பார்க்குற வியாதி இல்ல. திருஷ்டி. கல்யாணத்தை அவ்வளவு விமரிசையா நடத்தினா ஊர்க்கண்ணு படாம இருக்குமா? ஹேண்டில்ல எலுமிச்சம்பழம் கட்டினேன். சூடம் சுத்தினேன். ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் காஞ்சு போயிருந்துச்சு, அதனால வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அது மேலேயே புதுசா வைக்க ஆரம்பிச்சேன். ஹெட்லைட்டுக்கு ஒண்ணு, மீட்டருக்கு ஒண்ணு, டேங்க் மூடிக்கு நல்லா தாராளமா ஒண்ணு. மூடி வட்டமா நெத்தி மாதிரி இருக்கும், வைக்கிறதுக்கு லட்சணமா இருக்கும். எங்க சந்தனம் கடைச் சந்தனம் மாதிரி உதிராது தம்பி. பன்னீர் விட்டுக் குழைச்சு வச்சா சிமெண்டு. உளி வச்சுத்தான் எடுக்கணும். நான் சொல்லிச் சொல்லி விக்கிறதே அதைத்தான்.

ஆனா வைக்க வைக்க வண்டி இன்னும் சீக்கிரமா நிக்க ஆரம்பிச்சுடுச்சு. அப்படின்னா திருஷ்டி எவ்வளவு பலமா இருந்திருக்கும், பாருங்க.

சம்பந்தி வீட்டுல என்னைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. நான் செங்கல் சூளையில விக்கிக்கிட்டு இருக்கும்போதே அங்க சம்பந்தி, 'மங்கை, உங்க அப்பா வர்ற நேரம், பாலை அடுப்புல வை'ன்னு சொல்றாராம். மங்கையே சொன்னா. எவ்வளவு குத்தலா சொல்லியிருப்பார்! சம்பந்தியம்மா ஒரு படி மேலே. ஒரு நாள் தட்டுல ஆப்பம் வச்சுட்டு, "வண்டிக்குக்கூட இந்த வீட்டு மேல பாசம் பாருங்க அண்ணா"ன்னாங்க. அந்த அம்மா வெள்ளை மனசு, வண்டியைப் பத்தித்தான் சொல்லுச்சு. நானும் சிரிச்சேன். வராண்டாவுல ஒரு நாற்காலிதான் இருந்துச்சு, பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு வியாழக்கிழமை ரெண்டு கிடந்துச்சு. நான் உட்கார்ந்ததும் சம்பந்தி மில்லுக் கதையை ஆரம்பிச்சார். எந்த எஞ்சின் எந்த வருஷம் எப்படி நின்னுச்சு, பெல்ட் எப்படி அறுந்துச்சு, கரண்ட் போன அன்னிக்கு நெல்லு மூட்டையோட வந்தவங்களை என்ன சொல்லி அனுப்பினார். முடியவே முடியாது. மனுஷனுக்குப் பேச ஆள் கிடைக்கல போல. நான் தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு, சமையல்கட்டுப் பக்கம் மங்கை சத்தம் கேக்குதான்னு பார்த்துக்கிட்டிருப்பேன்.

வீட்டுல சௌந்தரம் விடல. "என்ன, இன்னிக்கும் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"மங்கை என்ன புடவை கட்டியிருந்தா?"

"நான் வண்டியைப் பார்ப்பேனா, புடவையைப் பார்ப்பேனா?"

"என்ன சமைச்சிருந்தா?"

"அவரைக்காய்க் கூட்டு. உப்பு ஒரு கல்லு கம்மி."

"அடுத்த வியாழக்கிழமை என்னையும் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போங்க"ன்னா. "என்னையும் வச்சுக்கிட்டு நிக்கட்டுமே உங்க வண்டி."

எப்படி ஏத்த முடியும்? சீக்கு வண்டி. ஒருத்தனைத் தூக்கிக்கிட்டே மூச்சு வாங்குது, ரெண்டு பேரைத் தாங்குமா? அதுவும் இல்லாம, ரெண்டு பேராப் போய் நின்னா வேணும்னே வந்த மாதிரி இருக்கும். ஒத்தை ஆளா நின்னா அது விபத்து. நான் சொன்னேன், அவ ஒத்துக்கல. "எங்க அம்மாவுக்கு வண்டி இல்லாம போச்சு"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

இதோ வர்றேன் சம்பந்தி! இந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்! நீங்க காபி ஆறிடும்னு கவலைப்படாதீங்க, குடிங்க!

கேட்டீங்களா, கூப்பிட்டுட்டார். இருங்க, முக்கியமானதே இனிமேதான்.

கார்த்திகை பொறந்து மொத வியாழக்கிழமை. வழக்கம் போல நின்னேன். மங்கை வாசலுக்கு வந்து மூடியைத் திறந்தா. அன்னிக்கு சம்பந்தியும் கூடவே வந்திருந்தார். திறந்ததும் 'உஸ்'ஸுன்னு ஒரு சத்தம். எப்பவும் வர்ற சத்தம்தான், நான் சட்டை பண்ணினது கிடையாது. இந்த மனுஷன் காதைத் தீட்டிக்கிட்டார். "இன்னொரு தடவை மூடித் திற"ன்னார். மூடியைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தை நகத்தால சுரண்டினார், வரல. "மங்கை, ஒரு ஊக்கு கொடும்மா." அவ தாலிக்கயித்துல கோத்திருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தா. அந்த ஊக்கால என் சந்தனத்தைக் குத்து குத்துன்னு குத்தினார். அடியில ஒரு சின்ன ஓட்டை.

"சம்பந்தி, பெட்ரோல் இறங்கணும்னா மேலே இருந்து காத்து உள்ளே போகணும். நீங்க மூக்கை அடைச்சு வச்சுட்டு ஓடு ஓடுன்னா வண்டி எப்படி ஓடும்? கொஞ்ச தூரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வருது, இங்க வந்ததும் முடியல. அவ மூடியைத் திறந்தா மூச்சு வருது, கிளம்பிடுது."

எங்க சந்தனத்தைச் சொல்றார்! அவர் ஊக்கைத் துடைச்சு மருமக கையில கொடுத்துட்டுச் சொன்னார்: "இனிமே நீங்க எங்கயும் நிக்காம போகலாம்."

கேட்டீங்களா தம்பி? எங்கயும் நிக்காம போகலாம். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். பொண்ணைக் கொடுத்தவன்னா என்ன வேணா சொல்லலாமா? நான் மங்கையைப் பார்த்தேன். அவ கையில இருந்த ஊக்கைப் பார்த்துக்கிட்டு நின்னா. வர்றேம்மான்னு சொன்னேன். ஒரே உதை, வண்டி போயிடுச்சு.

அதுல இருந்து நிக்கல. அடுத்த வியாழக்கிழமை செங்கல் சூளைக்கிட்ட வேகத்தைக் குறைச்சேன். இழுப்பு வருதான்னு பார்த்தேன். இல்ல. காதைக் கொடுத்துக் கேட்டேன், விக்கல் இல்ல. பச்சை கேட்டைத் தாண்டி அது பாட்டுக்குப் போகுது. வராண்டாவுல ரெண்டு நாற்காலி கிடந்துச்சு, ஒண்ணுல சம்பந்தி, ஒண்ணு காலி. யாரோ விருந்தாளி வர்றாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கு அடுத்த வாரமும் ரெண்டு நாற்காலி. அன்னிக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து கையை உசத்தினார். போ போன்னு சைகை. நானும் ஹாரன் அடிச்சுட்டுப் போயிட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கு.

வண்டி இப்படி ஓடினா சந்தோஷப்படணும், இல்லியா? எனக்கு என்னமோ பிடிக்கவே இல்ல தம்பி. முன்னெல்லாம் அதுக்குன்னு ஒரு குணம் இருந்துச்சு. இப்ப சும்மா ஓடிக்கிட்டே இருக்கு, கழுதை. நிலக்கோட்டையில ஆர்டர் எடுக்கப் போனா கடைக்காரன் கேக்குறான், 'என்ன அண்ணாச்சி, இப்பல்லாம் சீக்கிரம் வந்துடுறீங்க, நாங்க இன்னும் ஷட்டரே திறக்கல'ன்னு.

முந்தாநாள் மங்கை போன் பண்ணினா. சௌந்தரம்தான் எடுத்தா. நான் கணக்குப் பார்க்குற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?"ன்னு அவ கேக்குறது இங்க வரைக்கும் கேக்குது. சௌந்தரம் என்னைப் பார்த்துக்கிட்டே சொல்றா: "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி. வண்டிக்குத்தான் உடம்பு சரியாயிடுச்சு." அந்தப் பக்கம் அவ சிரிக்கிறான்னு நினைச்சேன். சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. சௌந்தரம் போனை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டா. ரொம்ப நேரம் வரல. வந்து, "அங்க உங்க சம்பந்தி ரெண்டு வாரமா யார்கிட்டயும் சரியாப் பேசுறதில்லையாம்"னா. அவர் என்னிக்குச் சரியாப் பேசினார்!

அதனாலதான் இன்னிக்குக் கிளம்பும்போதே கண்டிஷனா சொல்லிட்டேன். "காதுகுத்துக்குப் போறோம், காதுகுத்துக்குத்தான் போறோம். வழியில எங்கயும் நிறுத்துற ஜோலி இல்ல. அந்த வாசல்ல இனி என் வண்டி நிக்காது." அவ பட்டுப்புடவை கட்டி, பூ வச்சு, தட்டுல சீர் சாமானையெல்லாம் அடுக்கி மடியில வச்சுக்கிட்டு, "சரி"ன்னா. தட்டுல இருந்த பழம் காதுகுத்து வீட்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆப்பிள் வேற. நான் கேக்கல. வண்டி பூ மாதிரி வந்துச்சு. டபுள்ஸ் தாங்காதுன்னு சொன்னேனே, தாங்குச்சு.

வர்றேன் சம்பந்தி! இந்தா வந்துட்டேன்! ரெண்டு நாற்காலி போட்டுட்டாங்களா? சரி சரி, வர்றேன்!

நீங்க கிளம்புங்க தம்பி, உங்களுக்கு நேரமாகுது. நான் போய்க் காபி குடிச்சுட்டு வர்றேன். தள்ளவும் வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடவும் வேண்டாம். தானா கிளம்பிடும். எப்படின்னு கேக்குறீங்களா? செங்கல் சூளை வந்துச்சு. நான் நேரா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கிட்டு வர்றேன், வேகத்தைக்கூடக் குறைக்கல. அப்ப பின்னாடியிருந்து என் இடது முழங்காலை ஒட்டி ஒரு கை வந்துச்சு. வளையல் ரெண்டு ஒண்ணோட ஒண்ணு உரசுச்சு. டேங்க்குக்கு அடியில பெட்ரோலை அடைக்கிற திருகு ஒண்ணு இருக்கும் பாருங்க, ராத்திரி நான் மூட மறந்துட்டுப் படுத்துடுவேன், அவதான் எழுந்து வந்து மூடுவா. இருட்டுலயே மூடிப் பழக்கம். அதைத் தடவிப் பிடிச்சு, மெதுவா ஒரு திருப்பு திருப்பினா. அப்புறம் கையை எடுத்துக்கிட்டு, காத்துல பறந்த முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டா.